செல்போனா, கேமராவா, ஸ்கேனரா? திசுப் படத் தொகுப்புக்கு எது தோது

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நோயியல் படிக்கும் பிள்ளைகளிடம் திசுப் படம் கேட்டால் செல்போனைத்தான் நீட்டுகிறார்கள். ஐபீஸில் லென்ஸை ஒட்டி எடுத்தது. செலவே இல்லை. ஆனால் ஓரமெல்லாம் கறுத்திருக்கும். ஜூம் செய்துவிட்டால் எத்தனை மடங்கு என்றே தெரியாது. சந்தேகம் கேட்க அனுப்பலாம், சரி. பிள்ளைகள் பார்த்துப் பழகும் தொகுப்புக்கு ஆகாது.

மைக்ரோஸ்கோப்பில் பொருத்தும் கேமரா அதைவிட எவ்வளவோ மேல். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை, அதாவது நுண்ணிய அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடி ஸ்லைடை வைத்து ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒருமுறை அளந்துவிட்டால், படத்திலேயே மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுகோடு போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஸ்லைடு முழுவதையும் எடுக்கும் ஸ்கேனர். 40 மடங்கு லென்ஸில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.25 மைக்ரான். 15 மில்லிமீட்டர் சதுரத் திசு என்றால் பக்கத்துக்கு 60,000 பிக்சல், மொத்தம் 360 கோடி! சுருக்கிய பிறகும் ஒரு ஸ்லைடே ஒரு ஜிபியைத் தொடலாம். விலையும் கேமராவைப் போலப் பல மடங்கு. திசு மடிந்திருந்தால் அந்த இடம் மங்கலாகத்தான் விழும்.

அப்படியும் என் மனசு ஸ்கேனர் பக்கம்தான் சாய்கிறது. வெற்றிலையோடு புகையிலையும் போடுகிற ஊர் இது. வாய்ப்புற்று பயாப்ஸியை, அதாவது சோதனைக்கு வெட்டியெடுத்த திசுவை, நம் பிள்ளைகள் நன்றாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் புற்றின் அடையாளங்களில் ஒன்று கெரட்டின் முத்து, கெரட்டின் புரதம் திரண்ட உருண்டை. கேமரா படத்தில் அது நட்டநடுவில் இருக்கும், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல இளஞ்சிவப்பு வளையம் வளையமாக. பார்த்ததும் விடை தெரிந்துவிடும், ஏனென்றால் தேடுகிற வேலையைப் படமெடுத்தவரே முடித்துவிட்டார். முழு ஸ்லைடில் பிள்ளை குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி, நல்ல எபிதீலியத்தின் (வாயின் உட்பரப்பை மூடும் செல் அடுக்கு) ஓரமாகவே நகர்ந்து, புற்றுச் செல்கள் அதன் கீழுள்ள அடிச்சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கேமரா படம் எத்தனை சேர்த்தாலும் தராது.

ஆகவே அன்றாடத்துக்குக் கேமரா, பாடத்துக்கான ஸ்லைடுகளுக்கு மட்டும் ஸ்கேனர். டெல்டாவின் கல்லூரிகள் பொதுவில் ஒன்று வைத்துக்கொண்டால் போதும். நோயில்லாத திசுவையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். சாயம் வெளுத்த பழைய ஸ்லைடை அப்படியே ஸ்கேன் செய்யாமல், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் இருந்தால் புதிதாகச் சீவிச் சாயமேற்றுவது நல்லது.

அப்புறம், ஸ்கேனர் கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பல ஸ்கேனர்கள் ஸ்லைடின் லேபிளையும் தனிப்படமாகக் கோப்புக்குள் வைத்துவிடும். பயாப்ஸி எண்ணோ நோயாளியின் பெயரோ அதில் அப்படியே இருக்கும். அதை நீக்கிய பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.