அணைத்தும் அணையாத போர்டு: இசட்80 கணினியோடு மூன்று வருடம்

"இசட்80 சிப்பையே நிறுத்திவிட்டார்களாமே, இனிமேல் நான் ஒன்று கட்டலாமா, வேண்டாமா? நீங்கள்தான் மூன்று வருடமாக வைத்திருக்கிறீர்களே" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். இசட்80 என்பது சைலாக் நிறுவனத்தின் பழைய செயலி சிப்; அதை வைத்து நானே கட்டிய சின்னக் கணினிதான் என் போர்டு. தாராளமாகக் கட்டுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் அவர் கேட்டது நான் என் போர்டைப் பழுது பார்த்து முடித்த இரண்டாம் நாள். கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் பதில் இவ்வளவு நீளம்.

உள்ளே இருப்பது இதில் இறங்கிய எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். 32 கேபி ரோம், 32 கேபி ராம், 63பி50 சீரியல் சிப், முகவரி பிரிக்க இரண்டு மூன்று 74எச்சி சிப்புகள், கடிகாரத் துடிப்பு தரும் 7.3728 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர். அந்த விநோத எண்ணை 64-ஆல் வகுத்தால் சரியாக 115200 வரும், அதுதான் சீரியலின் வேகம் (விநாடிக்கு இத்தனை பிட்). செயலிக்கும் சீரியலுக்கும் ஒரே கடிகாரம் போதும். ரோமில் நாஸ்காம் என்ற பழைய கணினிக்காக மைக்ரோசாஃப்ட் 1978-இல் எழுதிய பேசிக் புரோகிராம் மொழி. திரையும் கீபோர்டும் கிடையாது; யூஎஸ்பி சீரியல் ஒயர் வழியாக லேப்டாப்பில் ஒரு டெர்மினல் ஜன்னலில் பேசும்.

கட்டும்போது பட்ட பாட்டையெல்லாம் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். இசட்80-இன் டேட்டா கால்கள் வரிசையாக இருக்காது. டி0 14-வது கால், டி1 15, டி2 12, டி3 8, டி4 7 என்று தாறுமாறாகப் போகும். நடுவில் 11-வது காலில் 5 வோல்ட் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரோமைச் சந்தேகப்பட்டவன் நான்.

சரி, என் குறைக்கு வருகிறேன். இந்த மூன்று வருடத்தில் என் போர்டு ஒரு நாள்கூட சுவிட்ச் போட்டதும் ஒழுங்காக எழுந்ததில்லை. சுவிட்சைப் போட்டால் டெர்மினல் வெறிச்சென்று இருக்கும், சில நாள் நாலைந்து குப்பை எழுத்துகள் வரும். ரீசெட் பொத்தானை ஒரு அழுத்து அழுத்தினால் எதுவுமே நடக்காதது போல வேலை செய்யும். ரீசெட் காலில் எல்லோரும் போடுகிற அதே 10கே ரெசிஸ்டர், 10 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர்தான் இருந்தது. காலியான கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்பும்வரை செயலி காத்திருந்து, பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெப்பாசிட்டரை 47 ஆக்கினேன். மாற்றமில்லை. ஆசிலேட்டரை மாற்றினேன். மின்சப்ளையை மாற்றினேன். கடைசியில் பழகிவிட்டது. சுவிட்ச், பொத்தான், சுவிட்ச், பொத்தான்.

இதே போர்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும் ஒன்று உண்டு. பேசிக் தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்கும்: சி அழுத்தினால் எல்லாம் புதிதாக, டபிள்யூ அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து. ராத்திரி போர்டை அணைத்துவிட்டுப் போய், காலையில் வந்து டபிள்யூ அழுத்தினால் நேற்று எழுதிய புரோகிராம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எப்போதாவது ஒரு வரி கோணலாகும், எப்போதாவது மொத்தமும் போகும், அவ்வளவுதான். அணைத்ததும் மறப்பதுதான் ராமின் குணம் என்பது எனக்குத் தெரியாததல்ல. இது மறக்கவில்லையே என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். நல்லது நடக்கும்போது யார் கேட்கிறார்கள்? லேப்டாப்பை மூடிவைத்த நாட்களில் மட்டும் புரோகிராம் காணாமல் போனதைக்கூட நான் தற்செயல் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாளைக்கு முன் ஒரு ராத்திரி அறை விளக்கை அணைத்தபோதுதான் கவனித்தேன். போர்டின் சிவப்பு எல்இடி எரிந்துகொண்டிருந்தது. பகலில் கண்ணுக்கே தெரியாத அளவு, தணல் மாதிரி. போர்டுக்குப் போகும் சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது. மல்டிமீட்டரை வைத்தேன்: 2.1 வோல்ட். யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கினேன், எல்இடி அணைந்தது. திரும்பச் செருகினேன், தணல் திரும்ப வந்தது.

சீரியல் லைன் சும்மா இருக்கும்போது உயர்நிலையில்தான் இருக்கும். லேப்டாப் பக்கத்திலிருந்து வரும் அந்த 5 வோல்ட், 63பி50-இன் உள்ளீட்டுக் காலில் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் டயோடு வழியாகப் புகுந்து, போர்டு முழுவதற்கும் பின்வாசல் வழியே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் ரீசெட் கெப்பாசிட்டர் ஒருபோதும் காலியாவதே இல்லை. காலையில் சுவிட்ச் போடும்போது அது ஏற்கனவே 2.1-இல் நிற்கிறது. சிமாஸ் என்ற புதிய வகை இசட்80-க்கு ரீசெட் காலில் 2.2 வோல்ட் வந்தாலே அது உயர்நிலை, அதாவது ஓடலாம் என்ற அனுமதி. ரீசெட் நடக்கவே நேரமில்லை. செயலி ஏதோ ஒரு முகவரியிலிருந்து பைத்தியம் பிடித்தாற்போல் ஓடத் தொடங்குகிறது. 62256 ராமுக்கோ, தகவலைப் பிடித்துவைத்துக்கொள்ள 2 வோல்ட் போதும். மூன்று வருடம் நான் திட்டியதும் கொஞ்சியதும் ஒரே கசிவைத்தான்.

மறுநாளே உட்கார்ந்து சரிசெய்தேன். ரீசெட்டுக்கு டிஎஸ்1813 என்ற மூன்று கால் சிப். மின்னழுத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும் 150 மில்லிசெகண்ட் பொறுத்துத்தான் செயலியை விடும். சீரியல் லைனில் 10கே ரெசிஸ்டர் ஒன்று, பின்வாசல் கசிவை அடக்க. சுவிட்சைப் போட்டேன், எழுந்தது. அணைத்துப் போட்டேன், எழுந்தது. இருபது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். அன்று ராத்திரி நண்பர் கேட்டிருந்தால் பத்துக்குப் பத்து கொடுத்திருப்பேன்.

காலையில் வந்து சுவிட்ச் போட்டேன். சி-யா டபிள்யூ-வா என்ற கேள்வியே வரவில்லை. நேராக, எவ்வளவு மெமரி என்று கேட்டது. மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த 140 வரி புரோகிராம் போய்விட்டது. லேப்டாப்பில் நகல் எடுத்தாயா என்று கேட்காதீர்கள்.

அதன் பிறகு உறைத்தது இன்னொன்று. டிஎஸ்1813 மட்டுமே போதுமாக இருந்தது. 2.1 வோல்ட்டில் அது செயலியை ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். ரீசெட்டில் இருக்கும் இசட்80 முகவரி, டேட்டா லைன்களைக் கைவிட்டுவிடும், எழுது என்ற கட்டளையும் வராது. புரோகிராம் முன்பைவிடப் பத்திரமாக இருந்திருக்கும். அவசரப்பட்டு அந்த ரெசிஸ்டரையும் வைத்துத் தொலைத்தேன். நியாயமாகப் பார்த்தால் ரெசிஸ்டர் சரிதான். பாதுகாப்பு டயோடு வழியாக வருடக்கணக்கில் மின்சாரம் ஓட்டுவது சிப்புக்கு நல்லதல்ல, ஒரு நாள் உள்ளே பூட்டிக்கொண்டு சூடாகிச் செத்தும் போகலாம். யாராவது கேட்டால் நானே இதைத்தான் சொல்வேன்.

நண்பரின் கேள்விக்கு. சைலாக் 2024 ஏப்ரலில் அறிவித்து, ஜூன் 14 வரைதான் கடைசி ஆர்டர் என்றது உண்மை. 1976-இல் வந்த சிப் அவ்வளவு நாள் ஓடியதே பெரிது. பழைய இருப்பு இன்னும் கிடைக்கிறது, பிரச்சினை போலிதான். முகத்தைத் தேய்த்துப் புதுப் பெயர் அடித்து விற்கிறார்கள். நான் முதலில் வாங்கியதில் சிமாஸ் என்றுதான் எழுதியிருந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சில் எழுத்து கையோடு வந்தது, ஓடவிட்டால் தொட முடியாத சூடு. சோதிக்க ஒரு வழி உண்டு: ஆவணத்தில் இல்லாத ஈடி 71 என்ற கட்டளை. அது வெளியே அனுப்பும் எண்ணை எல்இடி மாட்டிப் பார்த்தால், பழைய என்மாஸ் வகை சிப் 0 காட்டும், சைலாக்கின் சிமாஸ் 255 காட்டும். நான் முதலில் வாங்கிய அந்தப் போலி 0 காட்டியது.

கட்டலாமா? இவ்வளவு சிறிய பொருளில், எந்தக் கால் எதற்கு என்று ஒன்று விடாமல் தெரிந்த கணினி உங்களிடம் வேறு எதுவும் இருக்காது. ஒரு எல்இடி தணலை வைத்து மூன்று வருடப் பிழையைப் பிடிக்கலாம், லேப்டாப்பில் அது நடக்காது. அதெல்லாம் சரி. இந்த வாரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்; பத்துக்கு நாலு. அடுத்த மாதம் ஒரு தடவை கேளுங்கள்.

அப்புறம், சீரியல் லைனில் வைத்த அந்த 10கே ரெசிஸ்டருக்குக் குறுக்கே, அதைத் தாண்டிப் போக நேற்று ஒரு ஜம்பர் வைத்தேன். சும்மா சோதனைக்குத்தான். இப்போது அறை இருட்டாக இருக்கிறது, ஜம்பர் போட்டிருக்கிறது, எல்இடி தெரிகிறது.