ஆறு வருடம், ஐந்து நாவல்: வேலையோடு காதல்கதை எழுதுவதில் எனக்குத் தாக்குப்பிடித்தவை

முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஆறு வருடமாகக் காதல் நாவல்கள் எழுதி வருகிறேன். ஐந்து முடிந்திருக்கின்றன, ஒன்று பாதியில் நின்றுபோனது, இன்னொன்று இப்போது நடக்கிறது. வேலை கணக்குப் பிரிவில் என்பதால் மாதக் கடைசியும் காலாண்டுக் கடைசியும் எழுத்துக்குக் கிடையாது. மற்ற நாட்களில் காலை 4.45 முதல் 6 மணி வரை என் நேரம். இந்த 75 நிமிடத்துக்காக நான் முயன்று பார்த்த கருவிகளில், பழக்கங்களில் எவை நிலைத்தன, எவை கழன்றுகொண்டன என்று சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வேகத்தை வைத்தே எடைபோட்டேன். மணிக்கு எத்தனை சொல் வருகிறது, அவ்வளவுதான். இரண்டாவது நாவலின் நடுவில் ஒருநாள் என் தங்கை அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். "அக்கா, இவ ஏன் இப்பவே சிரிச்சுப் பேசறா? நேத்து ராத்திரிதானே அவ்ளோ அழுதா?"

கதையில் போயிருந்தது ஒரே இரவு. எனக்கு நடுவில் பதினொரு நாள் போயிருந்தது, காலாண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. அந்தப் பதினொரு நாளில் என் கோபம் ஆறிவிட்டது. அவளுடையது ஆறியிருக்கக் கூடாது. கதை எங்கே நின்றது என்பது நினைவில் இருந்தது. அவள் மனதில் எவ்வளவு சூடு மிச்சம் இருந்தது என்பது போய்விட்டது. துப்பறியும் கதை எழுதுகிறவருக்குத் தடயம் மறந்தால் திரும்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். காதல்கதையில் தொலைவது இந்தச் சூடுதான், அதைத் திரும்பப் பிடிக்க முந்தைய மூன்று அத்தியாயங்களைப் படிக்க வேண்டியிருந்தது. 40 நிமிடம் அதற்கே போனது. அதன்பின் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்விதான்: இந்த 40 நிமிடத்தை இது குறைக்கிறதா?

ஆந்தணி டிராலப் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல்கள். காலை 5.30க்கு மேசைக்கு வந்துவிடுவார், எதிரே கடிகாரம், கால் மணிக்கு 250 சொல். எழுத்துப் பழக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 250 சொல்லைத்தான் விடாமல் சொல்கிறார்கள். எனக்கு உதவியது அவருடைய தன்வரலாற்றில் அதை ஒட்டியே வரும் வேறொரு விஷயம். தினமும் முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார், சொற்களின் ஓசையைக் காதால் எடைபோட்டுப் பார்ப்பார். காலையில் எழுதுவதற்கென்று அவருக்கு இருந்த மூன்று மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு கதைக்குள் நுழைவதற்கே போயிருக்கிறது. அத்தனை வேகமான மனிதருக்கே அப்படி என்றால், என் 40 நிமிடம் என் சோம்பலால் வந்தது இல்லை என்று தெளிந்தேன். ஆனால் எனக்கு மூன்று மணி நேரம் கிடையாது. வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அந்த வழிதான் நான் 'வாசல் குறிப்பு' என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம். நாலரை வருடமாக விடவில்லை. 5.50க்கு எழுதுவதை நிறுத்திவிடுவேன், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி. மீதிப் பத்து நிமிடத்தில் ஒரு சின்ன நோட்டில் நாலு வரி, கையால். ஐந்தாவது நாவலின் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்:

"அவன் வாசலிலேயே நிற்கிறான், குடையை மடிக்கவில்லை. அவள் மன்னிக்கவில்லை, ஆனால் துண்டை எடுத்து நாற்காலி மேல் வைத்துவிட்டாள். கடிதத்தை அவள் படித்துவிட்டது அவனுக்குத் தெரியாது. முதல் பேச்சு அவளுடையது, கோபமாக இல்லை, சோர்வாக."

என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு வரி போதும். மற்ற மூன்றும் மனநிலைக்கு: அவள் எங்கே நிற்கிறாள், ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதது எது, யார் முதலில் வாய் திறக்கிறார்கள், எந்தக் குரலில். அந்த 'சோர்வாக' என்ற ஒரு சொல் இருந்ததால், ஆறு நாள் கழித்து நோட்டைத் திறந்தபோதும் அவளுடைய முதல் வசனம் உடனே வந்தது. "உள்ளே வாங்க, தரை ஈரமாகுது." கோபம் என்று குறித்திருந்தால் அந்தக் காட்சி வேறு எங்கோ போயிருக்கும். இப்போது கதைக்குள் நுழைய எட்டு முதல் பத்து நிமிடம் ஆகிறது.

நோட்டு காகிதமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். கைப்பேசியில் குறிப்பு வைத்துப் பார்த்த மூன்று மாதத்தில், குறிப்பைத் திறக்கும் முன்பே அலுவலகச் செய்தி ஒன்று கண்ணில் பட்டு, அந்தக் காலை அதோடு முடிந்துவிடும்.

அடுத்து தட்டச்சு. முதல் இரண்டு வருடம் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறைதான். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். மூன்றாவது வருடம் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். 1999ல் வகுக்கப்பட்டது, உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும். முதல் மூன்று வாரம் நிஜமாகவே கஷ்டம், பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டேன். பழைய வேகம் வர இரண்டு மாதம் ஆனது, அதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. லாபம் வேறு இடத்தில். ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனி விசை, ல, ள, ழ மூன்றுக்கும் அப்படியே. எந்த ன என்று விரலே முடிவு செய்துவிடுகிறது. மனதில் ஓடும் வசனத்துக்கும் திரைக்கும் நடுவே ஆங்கில எழுத்து வந்து நிற்பதில்லை. ஒரு நாவலாவது எழுதி முடிக்கும் எண்ணம் இருந்தால் மாறிவிடுங்கள் என்பேன். இடைவேளையான ஒரு மாதத்தில் மாறுங்கள், இணையத்தில் தொடராக எபி (அத்தியாயம்) போட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

குரல் தட்டச்சைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மாலை நடைப்பயிற்சியில் கைப்பேசியிடம் பேசி எழுதுவதை இரண்டு வருடம் செய்தேன், இப்போதும் ஓரளவு செய்கிறேன். வசனத்துக்கு அருமை. வாயால் சொல்லும்போது யாரும் பேசாத வாக்கியம் நாக்கில் வராது. ஆனால் நிறுத்தற்குறி எனக்கு ஒருபோதும் ஒழுங்காக விழுந்ததில்லை, ஒற்றெழுத்துகள் காணாமல் போகும், 'அழைத்தான்' 'அலைத்தான்' ஆகும். சண்டைக் காட்சியில் இருவர் குரலும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு, எது யார் சொன்னது என்று எனக்கே புரியாமல் போயிருக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்கு முன்பும் அவன், அவள் என்று சொல்லிவிட்டுப் பேசுவதே நான் கண்ட வழி. வருணனை, மன ஓட்டம் இதையெல்லாம் குரலில் எழுதுவதை விட்டுவிட்டேன். எல்லாம் பேச்சுவழக்கில் வந்து நிற்கும், திருத்துவதற்குள் புதிதாகவே எழுதிவிடலாம்.

எழுதுவதற்கான செயலிகளில் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, இணையம் இல்லாமல் திறந்தால் போதும். ஒருமுறை ஒரு செயலி சேமிப்பில் குளறுபடி செய்து 2,300 சொற்களை விழுங்கியது. இருவரும் சமாதானமாகும் காட்சி. திரும்ப எழுதினேன், ஆனால் முதலில் எழுதியதில் இருந்த ஒரு மௌனம் இரண்டாவதில் வரவில்லை, இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். அன்றிலிருந்து ஞாயிறு இரவு ஒரு பிரதி பென்டிரைவில், ஒரு பிரதி எனக்கே மின்னஞ்சலில்.

இனி நான் மிகவும் நேசிக்கும் கருவி. அது ஒரு சாதாரண எக்செல் தாள். அத்தியாய எண், கதையில் நாள், யார் கண் வழியாக, இவற்றோடு நாலாவதாக ஒரு கட்டம். அதில் ஐந்து சொற்களில் ஒன்று மட்டும்: புணர்தல், பிரிதல், இருத்தல் (காத்திருப்பது), இரங்கல் (கலங்குவது), ஊடல். தொல்காப்பியம் அகத்திணைக்குச் சொல்லும் உரிப்பொருள்கள், அதாவது காதலின் ஐந்து நிலைகள், பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். மூன்றாவது நாவல் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று புரியாமல் ஒருநாள் விளையாட்டாக இந்தக் கட்டத்தைச் சேர்த்து நிரப்பினேன். எட்டாம் அத்தியாயத்திலிருந்து பதினெட்டு வரை வரிசையாக ஊடல், ஊடல், ஊடல். ஒவ்வொன்றிலும் சண்டைக்கான காரணம் வேறு, அதனால் கதை நகர்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உணர்வு ஒரு அடிகூட நகரவில்லை. நடுவில் ஒரு பிரிவு இல்லை, காத்திருப்பு இல்லை, அவள் தனியாக இருந்து கலங்கும் ஒரு மாலை இல்லை.

அந்த ஐந்தோடு 'அவற்றின் நிமித்தம்', அதாவது அவற்றைச் சார்ந்த சூழல், என்றும் தொல்காப்பியர் சேர்த்துச் சொல்கிறார். அந்தச் சொல்லின் அருமை எழுத வந்த பிறகுதான் தெரிந்தது. நாவலில் பாதிக்கு மேல் நிமித்தம்தான். பிரிவைவிட, பிரியப் போகிறான் என்று அவளுக்குத் தெரியவரும் காலைப்பொழுதில்தான் காட்சி இருக்கிறது. இப்போது கட்டத்தில் 'பிரிதல் நிமித்தம்' என்றும் எழுதுகிறேன். நாலு அத்தியாயம் ஒரே சொல் வந்தால் நிறுத்தி யோசிப்பேன். திருக்குறளில் இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. கற்பியல் தொடங்குவதே பிரிவாற்றாமையில், முடிவது ஊடலுவகையில். இருவரும் சந்தித்து மனம் கொடுக்கும் வரைக்கும் ஏழு, அதன்பின் பதினெட்டு. சந்திப்பிலேயே இருபது எபியைச் செலவழிக்கும் என் பழைய பழக்கம் இதைப் பார்த்துத்தான் மாறியது.

தினசரி சொல் இலக்கு வைப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் 1999ல் தொடங்கியது, பிறகு நவம்பருக்கு மாறியது, பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு வருடம் முயன்றேன். நாளுக்கு 1,667 சொல். ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்' என்பது நமக்கு ஒரு சொல், அங்கே நாலைந்தாகப் பிரியும். அதே 50,000 தமிழில் இன்னும் பெரிய நாவல். வேலையோடு எழுதுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நான் இப்போது வைத்திருப்பது நாளுக்கு 300 சொல், குறைந்தபட்சம். 25 நிமிடம் எழுதி 5 நிமிடம் ஓய்வு என்ற முறையையும் பார்த்தேன். திருத்தும் நாட்களுக்கு நல்லது. வசனம் ஓடும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் வரும்.

தொடராகப் போடுகிறவர்களுக்கு ஒன்று. முதல் மூன்று கதைகளையும் கையிருப்பு இல்லாமல்தான் போட்டேன், எழுதியதும் யூடி (அப்டேட்). வாசகர்கள் காத்திருப்பது பெரிய உந்துதல், அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் நாலாவதாக ஆரம்பித்த கதையில், நாயகன் செய்த துரோகத்தை நாயகி சீக்கிரம் மன்னிக்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். கையில் அடுத்த அத்தியாயம் இல்லாததால் அவர்களோடு சேர்ந்து என் மனமும் இளகியது. பன்னிரண்டாம் எபியில் மன்னித்துவிட்டாள். அதன்பின் கதைக்குப் போக இடமில்லை. பத்தொன்பதில் நிறுத்தினேன். காத்திருந்தவர்களுக்கு முடிவைத் தரமுடியாமல் போனது இன்றும் வலிக்கிறது. அதற்குப் பிறகு எட்டு எபி கையில் இல்லாமல் எந்தக் கதையையும் தொடங்கியதில்லை. கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன், ஆனால் அவர்கள் கேட்கும் நேரத்தில் நான் எட்டு எபி தள்ளி எழுதிக்கொண்டிருக்கிறேன், அது அவளைக் காப்பாற்றுகிறது.

வருமானத்தைப் பற்றிக் கேட்டால், வேலையை விடும் அளவுக்கு இல்லை. விடும் எண்ணமும் எனக்கு இல்லை. பகலெல்லாம் எண்களோடு இருந்துவிட்டு விடியலில் அவர்கள் இருவரிடம் திரும்பி வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை எழுதும்போது இன்னொரு காலாண்டுக் கடைசி. ஆறாவது நாவலை ஒன்பது நாளாகத் தொடவில்லை. நாளைக் காலை திறக்கப் போகிறேன். நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருப்பது இது: "ரயில் கிளம்பிவிட்டது. அவள் கையசைக்கவில்லை என்று அவன் நினைக்கிறான். அவள் அசைத்தாள், தூண் மறைத்துவிட்டது. இருத்தல். முதல் பேச்சு யாருடையதும் இல்லை, போன் அடித்து நிற்கிறது."