தராசும் பில்லும்: பலசரக்குக் கடைக்கு ஏற்ற ஏற்பாடு எது?

பாளையங்கோட்டையில் எங்கள் பெரியப்பா நடத்தும் பலசரக்குக் கடைக்கு மாலையில் சாமான் வாங்க வருபவரின் சிட்டையைப் பார்த்தால், பாதி சோப்பு, பற்பசை, பிஸ்கட் என உறையில் விலை அச்சிட்டு வருபவை. மறுபாதி துவரம்பருப்பு, பொரிகடலை, கருப்பட்டி, வற்றல் மிளகாய் என நிறுத்துக் கட்ட வேண்டியவை. முதல் பாதிக்குப் பார்கோடு உண்டு, இரண்டாம் பாதிக்குக் கிடையாது. பில் போடும் கருவிகளை விற்க வருபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைப் பற்றியே பேசுகிறார்கள். கூட்டம் தேங்குவதோ இரண்டாம் பாதியில்தான். பழைய மெஷினை மாற்றுவதென்று பெரியப்பா முடிவெடுத்தபோது, தனியாக இயங்கும் பில்லிங் மெஷின், கணினியோடு ஸ்கேனரும் பிரிண்டரும் கல்லாப் பெட்டியும் சேர்ந்த தொகுப்பு, கைப்பேசியும் புளூடூத் பிரிண்டரும் ஆகிய மூன்றையும் இந்த இரண்டாம் பாதியை மனத்தில் வைத்தே ஒப்பிட்டோம்.

தனி மெஷினில் விசைப்பலகை, திரை, பிரிண்டர், பேட்டரி எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், மின்சாரம் நின்றாலும் பில் நிற்காது. புதிதாக வேலைக்கு வரும் பையனும் ஒரே நாளில் பழகிவிடுவான். அல்வா, மிக்சர், காராச்சேவு என இருபது முப்பது சரக்கு மட்டும் விற்கும் மிட்டாய்க் கடைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கருத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரக்குள்ள கடையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை நினைவில் வைத்து அழுத்த வேண்டியிருப்பதால், அனுபவமுள்ள ஆள் விடுப்பில் போனால் வேலை தடுமாறுகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறி, சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்தும், நெய், வெண்ணெய் ஆகியவை 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு வந்தபோது, எங்கள் பழைய மெஷினில் ஒவ்வொரு சரக்காகத் திருத்திக்கொண்டு நள்ளிரவுவரை உட்கார்ந்திருந்தோம். கணினி மென்பொருளில் சரக்குகளை வரிவகைப்படி தொகுத்து வைத்திருந்தால், அந்த வகைக்குரிய விகிதத்தை மாற்றினாலே போதும்.

கணினித் தொகுப்பின் உண்மையான பலம் தராசோடு இணையும்போது தெரிகிறது. சிட்டையை அச்சிடும் தராசு ஒன்று இருந்தால், பருப்பை நிறுத்தவுடன் 13 இலக்கப் பார்கோடு ஒட்டும் தாளில் வந்துவிடும். 2 எனத் தொடங்கும் எண்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டவை என்பதால், முதல் இரண்டு இலக்கங்களுக்கு அடுத்த ஐந்தில் சரக்கின் எண்ணையும், அதற்கடுத்த ஐந்தில் எடையையோ விலையையோ பதித்து, கடைசி இலக்கத்தைச் சரிபார்ப்புக்கு வைப்பது வழக்கம். (உறைப் பொருள்களில் நாம் காணும் 890, அந்த எண் இந்தியாவில் வழங்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது, பொருள் இங்கேதான் தயாரானது என்பதற்கு அது சான்றாகாது.) இப்படிச் செய்தால் நிறுப்பவரும் பில் போடுபவரும் தனித்தனியே வேலை பார்க்கலாம், எடையைக் கூவிச் சொல்லி, மற்றவர் தவறாகக் கேட்டுப் பதியும் பிழையும் ஒழிகிறது.

தராசு வாங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கடைகளில் வழக்கமாகக் காணப்படும் 30 கிலோ தராசு 5 கிராம் படிநிலையில் இயங்குவது, அதாவது எடையை ஐந்தைந்து கிராமாகவே காட்டுவது; அது சேரும் மூன்றாம் துல்லிய வகுப்பில், நிறுக்கத் தகுந்த குறைந்தபட்ச எடை படிநிலையின் 20 மடங்கு, அதாவது 100 கிராம். பத்து கிராம் ஏலக்காயை அதில் நிறுத்துக் கொடுப்பது வாங்குபவருக்கும் கடைக்கும் நியாயமாகாது என்பதால், நறுமணப் பொருள்களுக்குச் சிறிய தராசு ஒன்று தனியே வேண்டும். எந்த மின்னணுத் தராசாக இருந்தாலும் தொழிலாளர் துறையின் முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பிரிண்டரில் 58 மி.மீ. தாளா, 80 மி.மீ. தாளா என்ற கேள்வியும் சிறியதன்று. முன்னதில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., ஒரு வரிக்கு ஆங்கில எழுத்து 32; பின்னதில் 72 மி.மீ., எழுத்து 48. தமிழில் பெயரை அச்சிட விரும்பினால் இந்த வேறுபாடு பெரிதாகிறது. பெரும்பாலான பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருப்பதில்லை. மென்பொருள் ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். சின்னத் தாளில் ‘தேங்காய் எண்ணெய் 500 மி.லி.’ என்பது இரண்டு வரியாக உடைந்து, விலை வேறெங்கோ போய் நிற்கிறது. எங்கள் கடைக்கு வரும் பாட்டிமார் பலருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். தாம் கொடுத்த பணத்துக்குக் கணக்கைத் தாமே படித்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதால், நான் 80 மி.மீ. பிரிண்டரையே வற்புறுத்தினேன்.

மூன்று வழிகளிலும் தாள் வெப்பத்தால் கறுக்கும் வகைதான். வெயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் எழுத்து மங்கிவிடும். கணக்குகளையோ ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. ஆகவே, பதிவுகளை வெளியே எடுத்துச் சேமிக்க முடியாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

கைப்பேசி வழியில் செலவு மிகக் குறைவு. திருவிழாக் கடைக்கும் வண்டிக் கடைக்கும் அது போதும். மங்கிய வெளிச்சத்தில் கேமரா பார்கோட்டைப் பிடிக்கத் தாமதிப்பதும், நடுவில் அழைப்பு வருவதும் கூட்ட நேரத்தில் பொறுக்க முடியாதவை. ஆயினும் அதன் கணக்கு இணையத்தில் சேமிக்கப்படுவதை நான் மிகவும் மதிக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கியது. அத்தகைய வெள்ளத்தில் கடைக்குள் இருக்கும் கணினியோடு பற்றுக் கணக்கும் போனால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு நினைவைத் தவிர வேறு சாட்சி இராது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்து, பெரியப்பா கணினித் தொகுப்பையும் சிட்டை அச்சிடும் தராசையும் வாங்கினார். அன்றாடக் கணக்கு இரவில் இணையத்துக்கும் நகலாகிறது. ஸ்கேனரில், கைப்பேசித் திரையிலுள்ள கியூ.ஆர். குறியையும் படமெடுத்துப் படிக்கும் வகையைத் தேர்ந்தோம். யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்துபோகும் அளவுக்கு மின்தடை நீண்டால், பழையபடி தாள் சிட்டையில் எழுதி, வரிசை எண் போட்டுக் கம்பியில் குத்தி வைக்கிறோம். கல்லாக் கட்டுவதற்கு முன் பெரியம்மா அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுகிறார்.