ஆறு வாரம் போதாது: மந்தைக் காவல் நாய்க்குட்டிகளுக்கான தற்காலிக வளர்ப்புத் திட்டம்

பஞ்சு என்ற காவல் நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது வயது 8 வாரம், எடை 7 கிலோ. இன்று அவளுக்கு 20 மாதம், 42 கிலோ. இத்தனை நாள் காத்திருந்து இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பெரிய காவல் நாய்க்குட்டிகளைத் தத்தெடுத்தவர்கள் எழுதும் பாராட்டுகளில் பெரும்பாலானவை முதல் மாதத்திலேயே எழுதப்படுபவை. வெள்ளைப் பஞ்சுப் பொதி போல ஒரு ஜீவன் காலடியில் உறங்கிக்கொண்டிருக்கும்போது குறை கண்ணில் படாது. நானும் அப்போது எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இந்தத் தற்காலிக வளர்ப்புத் திட்டத்துக்கு இப்போது நான்கு கொடுக்கிறேன். அந்த ஒரு நட்சத்திரம் ஏன் போனது என்பதுதான் இதில் முக்கியமான செய்தி.

இந்தத் திட்டத்தை நடத்துவது, தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய நாய் மீட்பு அமைப்பு. ஆட்டுப் பண்ணை ஒன்றை மூடியபோது ஒரு தாய் நாயும் 7 குட்டிகளும் போக்கிடமின்றி நின்றன. தாய் கிரேட் பிரனீஸ். தகப்பன் அனடோலியன் ஷெப்பர்டாக இருக்கலாம் என்றார்கள். இரண்டுமே மந்தையைக் காக்கும் பெரிய நாய் இனங்கள். திட்டம் எளிமையானது. குட்டிகளை 6 வாரம் நம் வீட்டில் வளர்க்க வேண்டும். தீவனம், தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடிவில் நமக்கு விருப்பம் இருந்தால் தத்தெடுப்பதில் முதல் உரிமை நமக்கு. பிற்காலத்தில் எந்த வயதில், எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் நாயை அவர்களிடம் மட்டுமே திருப்பித் தர வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை நான் அன்று மேலோட்டமாகத்தான் படித்தேன்.

இந்த இனங்களைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் யாரும் விண்ணப்பப் படிவத்தைத் தொடக் கூடாது. ஆடு மேய்க்கும் நாய் வேறு, ஆட்டைக் காக்கும் நாய் வேறு. மேய்க்கும் நாய் மேய்ப்பனின் சீழ்க்கையைக் கேட்டு ஓடும், திரும்பும், படுக்கும். காவல் நாய்க்கு யாரும் சீழ்க்கை அடிப்பதில்லை. மேய்ப்பன் உறங்கும் நேரத்தில் மந்தையோடு கிடந்து, இருட்டில் எது வருகிறது என்று தானே கண்டு, என்ன செய்வதென்று தானே முடிவெடுப்பதற்காகப் பல நூற்றாண்டுகளாக வளர்த்தெடுக்கப்பட்ட வம்சம் அது. பிரனீஸ் மலைகளின் நாய், இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் கங்கால், ஹங்கேரியின் குவாஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கூப்பிட்டால் வரவில்லை என்றால் அது முட்டாள்தனமும் அல்ல, பிடிவாதமும் அல்ல. கூப்பிட்டவர் சொல்வதற்குத் தேவை இருக்கிறதா என்று அது யோசிக்கிறது.

அமெரிக்காவில் 1970களில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற ஆய்வாளர்கள் இந்த நாய்களைப் பண்ணைகளில் விட்டு ஆராய்ந்தபோது நல்ல காவல் நாய்க்கு மூன்று குணங்களைக் குறித்தார்கள்: மந்தையின் மேல் கவனம், மந்தைக்குத் தீங்கு செய்யாத நம்பகம், மந்தையைக் காக்கும் எண்ணம். மந்தை என்றால் ஆடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் அருகே மிடில் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் நரிகள் புகுந்து சிறு பெங்குவின்களை ஏறக்குறைய அழித்துவிட்ட பிறகு, 2006 முதல் மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டுப் பெங்குவின்களை மீட்டார்கள். நமீபியாவில் 1994 முதல் விவசாயிகளுக்குக் காவல் நாய்க்குட்டிகள் வழங்கப்படுகின்றன. நாய் குரைத்தே சிவிங்கிப்புலியை (சீட்டா) விரட்டிவிடுவதால் ஆடும் பிழைக்கிறது, சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய அவசியமும் விவசாயிக்குக் குறைகிறது. குட்டியில் எதனோடு வளர்கிறதோ அதுவே இந்த நாய்க்கு மந்தை. என் வீட்டில் அந்த மந்தை என் 9 வயது மகளும், ஊன்றுகோலோடு நடக்கும் என் அம்மாவும்தான்.

அமைப்பின் வேலையில் நான் மனமாரப் பாராட்டுவது வீட்டைப் பார்க்க வந்த விதம். வந்த பெண்மணி வரவேற்பறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வேலிக்குப் போனார். ஒவ்வொரு பலகையையும் கையால் ஆட்டிப் பார்த்தார், அடிப்பகுதியைக் காலால் அழுத்தினார், வாசல் கதவுக்கு அடியில் கைமுட்டியை நுழைத்துப் பார்த்தார். வேலி 6 அடி இருந்தது. ஆனால் கதவடியில் இடைவெளி இருந்தது. "இந்த நாய் வேலியைத் தாண்டுவதை விட, அடியில் தோண்டிக்கொண்டு போவதுதான் அதிகம். இதை அடைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள்" என்றார். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் என்றும் கேட்டார். பிறகு அம்மாவை எழுந்து நடக்கச் சொன்னார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தவறாக நினைக்காதீர்கள் அம்மா, இது 40 கிலோ ஆகும், அன்போடு உங்கள் மேல் சாய்ந்தாலே நீங்கள் விழலாம். அதனால்தான் பார்க்கிறேன்" என்று அவர் சொன்ன பிறகு சமாதானமானார். உண்மையில் அம்மாவுக்காக அவர் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம் இன்றும் காக்கிறது. குட்டி மேலே தாவும்போதும் சாயும்போதும் யாரும் தொடக் கூடாது. நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டும் தடவிக்கொடுக்க வேண்டும். 7 கிலோவில் இது அபத்தமாகத் தோன்றியது. 42 கிலோவில் அம்மா நிம்மதியாக நடமாடுவது அந்தப் பழக்கத்தால்தான்.

கொடுத்தனுப்பிய குறிப்புகளும் நன்றாகவே இருந்தன. பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரான தீவனம்தான் தர வேண்டும், எலும்பு வலுக்க என்று தனியாகக் கால்சியம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. நியாயமான எச்சரிக்கை. குட்டிப் பருவத்தில் கால்சியம் மிகுந்தால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். குட்டி மெதுவாக வளர்வதே நல்லது. தடுப்பூசிகள் முடியும்வரை, குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய்க்குப் பயந்து வெளித் தரையில் விடக் கூடாது, ஆனால் வீட்டுக்குள் பூட்டியும் வைக்கக் கூடாது என்றார்கள். ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான் உலகம் அச்சமில்லாத இடம் என்று குட்டி கற்றுக்கொள்ளும் காலம். அதனால் தூக்கிக்கொண்டு நடந்தோம். குடை, தலைக்கவசம், தாடி, சக்கர நாற்காலி, குழந்தையின் அழுகை, குப்பை வண்டி என்று பட்டியல் போட்டு மகள் ஒவ்வொன்றாகக் குறி வைத்தாள். 11ஆவது வாரத்தில் என்னால் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நடக்க முடியவில்லை. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினோம்.

நாங்கள் எடுத்தவை இரண்டு. பஞ்சு, அவளுடைய தங்கை மேகம். இரண்டுக்கும் பின்னங்காலின் உட்புறம் தரையில் படாத இரட்டைக் கூடுதல் விரல்கள். பிரனீஸ் ரத்தத்தின் அடையாளம். ஒன்றின் கழுத்தில் மற்றது தலை வைத்துத்தான் உறங்கும். 6 வாரம் முடிந்தபோது இரண்டையும் எங்களுக்கே கொடுங்கள் என்று கெஞ்சினோம். மறுத்துவிட்டார்கள். உடன்பிறந்த இரண்டு குட்டிகள் ஒரே வீட்டில் வளர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மனிதர்களை இரண்டாம் பட்சமாக்கிவிடலாம். இரண்டும் பெண், இரண்டும் பெரிய காவல் இனம், வயதுக்கு வந்தபின் சண்டை மூண்டால் வீட்டில் விலக்க ஆள் இல்லை என்றார்கள். மேகத்தை அழைத்துப்போன அன்று மகள் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் இருந்தது, ஒரு மாதம் அவர்களோடு சரியாகப் பேசவில்லை. அவர்கள் செய்தது சரி. ஒரு பஞ்சுவை வளர்க்கவே வீட்டின் முழு பலமும் வேண்டியிருந்தது.

குறைக்கு வருகிறேன். 6 வாரத் தற்காலிக வளர்ப்பு என்பது குட்டி 14 வாரம் ஆகும்போது முடிகிறது. அந்த வயதில் இது எல்லா நாய்க்குட்டிகளையும் போன்ற ஒரு நாய்க்குட்டி. கடிக்கும், தூங்கும், தரையை நனைக்கும், மறுபடி தூங்கும். மந்தைக் காவல் நாய் அதற்குள் இன்னும் கண் விழிக்கவில்லை. இந்த இனம் மனதளவில் முதிர 2 வயது ஆகும். ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் 8 மாதத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. நமக்கு இந்த நாய் பொருந்துமா என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே வைத்த காலம், சோதிக்க வேண்டியது தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அது 9ஆவது மாதம் தொடங்கியது. இரவு 2.40. அடிவயிற்றிலிருந்து வரும் ஒற்றைக் குரைப்பு, நிறுத்தம், மறுபடி இரண்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போய்ப் பார்த்தால் பின்கட்டுத் திண்ணையில் நின்று இருட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே கூப்பிட்டேன், காது மட்டும் என் பக்கம் திரும்பியது. இப்படியே 11 இரவுகள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. நான்காம் நாள் அவர்கள் வந்து பேசியதில் எந்தக் கடுமையும் இல்லை, அந்தத் தாயின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. எனக்குத் தாங்கவில்லை. அமைப்பின் குறிப்புகளைப் புரட்டினேன். "இரவில் குரைக்கக்கூடும்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. கால்சியத்துக்கு ஒரு பக்கம் எழுதியவர்கள் இதற்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். 14 வாரத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அவர்களாகக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

நானாகக் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். வேலியைப் பார்க்க வந்த அதே பெண்மணி. "நீங்கள் உள்ளே நின்று கூப்பிடாதீர்கள். வெளியே போங்கள். அவள் எதைப் பார்க்கிறாளோ அந்தத் திசையில் நீங்களும் நின்று பாருங்கள். பார்த்துவிட்டேன் என்று சொல்லுங்கள். பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். அன்றிரவு குளிரில் போய் அவள் அருகில் நின்றேன். அவள் மூக்கு போன திக்கில் பார்த்தேன். முதலில் எதுவும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகியபின் வேலிக்கு அப்பால் மரத்தடியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இத்தனை இரவாக ஒன்றுமில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவள் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். "பார்த்துவிட்டேன், போதும்" என்று மெல்லச் சொல்லி அவள் தோளில் கை வைத்தேன். ஒரு நீண்ட மூச்சு விட்டாள். முதுகு மயிர் படிந்தது. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் போனாள்.

குரைப்பு நின்றுவிடவில்லை. இரவில் அவளை வீட்டுக்குள் படுக்க வைக்கிறோம், பக்கத்து வீட்டுப் பக்கத்து ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டோம். இப்போது வாரத்தில் ஓரிரண்டு முறை எழுப்புகிறாள், ஒரு வார்த்தையில் அடங்குகிறாள். அவள் படுப்பது தன் மெத்தையில் அல்ல, மகளின் அறைக்கும் வாசலுக்கும் நடுவே, இரண்டையும் பார்க்கிற இடத்தில். அந்த இடத்தை யாரும் அவளுக்குக் காட்டித்தரவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 6 மாதத்துக்குள் கருத்தடை செய்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரிய இனங்களில் வளர்ச்சி ஓரளவு முடியும்வரை காத்திருப்பது மூட்டுகளுக்கு நல்லது என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார். அவருடைய கடிதத்தை அனுப்பி அவகாசம் கேட்டேன். பதில் வர 3 வாரம் ஆனது, ஆனால் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாம் என்பதையும் மருத்துவரே சொன்னார். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு; சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். இதை அமைப்பு தன் குறிப்புகளில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

முடி உதிர்வது பற்றிப் பலர் கேட்கிறார்கள். உதிரும். வாரம் இரண்டு முறை சீப்பால் வார வேண்டும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மழித்துவிடாதீர்கள், அந்த இரட்டை ரோமம் வெயிலையும் தடுக்கிறது.

13 மாதத்தில் மேகம் அமைப்புக்கே திரும்பி வந்தாள். அவளை எடுத்தவர்கள் அடுக்குமாடிக்கு மாறவேண்டிய நிலை. அங்கே அந்தக் குரலுக்கு இடமில்லை. ஒப்பந்தத்தில் நான் மேலோட்டமாகப் படித்த அந்தக் கடைசி நிபந்தனை அன்று வேலை செய்தது. கேள்வி கேட்காமல், கடிந்துகொள்ளாமல் அன்று மாலையே ஒருவர் போய் அழைத்துவந்தார். இப்போது செம்மறி ஆடுகள் உள்ள ஒரு பண்ணையில், மூத்த காவல் நாய் ஒன்றின் பின்னால் வேலை கற்றுக்கொண்டிருக்கிறாள். படம் அனுப்பினார்கள், வைக்கோலில் படுத்திருக்கிறாள், அவள் முதுகில் தலை சாய்த்து ஒரு ஆட்டுக்குட்டி. மகள் அதைப் படுக்கைக்கு மேல் ஒட்டியிருக்கிறாள்.

நான் சொன்ன குறைகளை எழுதி அமைப்புக்கும் அனுப்பினேன். தத்தெடுத்தவர்களை 6, 9, 12 மாதங்களில் அவர்களாகவே அழைத்துப் பேச வேண்டும், இரவுக் குரைப்புக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை நீங்களே எழுதிக்கொடுங்கள் என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஈற்றில் 5 குட்டிகள் வருகின்றன; ஒன்றை 6 வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறோம். கதவடியில் பஞ்சு மறுபடி தோண்டியிருக்கிறாள், அதற்குள் அதை அடைக்க வேண்டும்.