புகையை விட்டவர்களுக்கான நாள் எண்ணும் செயலி: ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய பின் என் மதிப்புரை

சிகரெட்டை விட்ட அன்றே கைபேசியில் இறக்கிக்கொண்ட செயலி இது. ஓராண்டு கடந்த பிறகும் அதை நீக்கவில்லை. பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். இந்த வகைச் செயலிகள் பலவற்றைத் திறந்து பார்த்ததில், உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான் என்று தெரிந்தது. எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை சிகரெட் தவிர்த்தோம், எவ்வளவு பணம் மிச்சம், உடம்பு எந்த அளவு தேறியது, அடுத்த மைல்கல் எப்போது. ஆகவே நான் சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசப் பதிப்பே போதும், தயங்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது கொடுக்கும் மைல்கற்களை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

தொடக்க நாட்களை இந்தச் செயலி கையாளும் விதம் அருமை. 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்குகின்றன என்று முதல் பதக்கம் வருகிறது. 12 மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு வந்துவிடும் என்று அடுத்தது. இவை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கும் கால அட்டவணையில் உள்ளவை. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் வாயு. அது அரை நாளில் இடத்தைக் காலி செய்துவிடுகிறது என்று படித்தபோது எனக்கு உண்மையாகவே தெம்பு வந்தது. நான் செய்தித்தாள் ஒன்றில் இரவுப் பணியில் மெய்ப்புத் திருத்துபவன். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனதும் படியிறங்கிப் போய் ஒன்றைப் பற்றவைப்பது பல்லாண்டுப் பழக்கம். பிற்பகலில் விட்டவனுக்கு அந்த 12 மணி நேரப் பதக்கம் சரியாக அந்த வேளையில் வந்து நின்றது. படியிறங்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

விட்டவர்களில் பலர் மறுபடி தொடங்கிவிடுவது முதல் சில நாட்களிலேயே. நிகோடின் கிடைக்காத எரிச்சலும் தூக்கமின்மையும் கவனச் சிதறலும் முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த வாரத்தில் மணிக்கணக்கில் பதக்கம் கொடுப்பது சிறுபிள்ளை விளையாட்டு அல்ல. ஒரு நாள் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்றால் இருந்துவிட முடிகிறது.

இதைவிட உதவியது முகப்பிலேயே இருக்கும் சிவப்புப் பொத்தான். தவிப்பு எழும்போது அதைத் தொட வேண்டும். திரை இருட்டாகி நடுவில் ஒரு நீல வட்டம் தோன்றும். அது மெதுவாக விரியும்போது மூச்சை இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். வட்டம் விரியத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கைபேசி உள்ளங்கையில் மிக லேசாக அதிரும். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். கீழே ஐந்து நிமிடக் கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும். முடிந்ததும் தவிப்பு இப்போது எவ்வளவு என்று ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணைக் கேட்கும். தவிப்பு ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான் நீடிக்கும் என்பதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த எண்கள் எட்டிலிருந்து மூன்றாக இறங்குவதை என் விரலாலேயே பதிவு செய்த பிறகுதான் நம்பினேன். கூடவே, எந்த மணிக்கு அதிகம் தவிக்கிறோம் என்ற வரைபடமும் தானாகத் தயாராகிவிடுகிறது. என்னுடையதில் நள்ளிரவுக்குப் பின் ஒரு செங்குத்தான மேடு. அதைப் பார்த்துத்தான் அந்த வேளையில் எழுந்து முகம் கழுவிவரும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்.

இனி குறைகள். இவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த செயலி, மூன்று மாதத்துக்குப் பிறகு மௌனமாகிவிடுகிறது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு பதக்கம், ஓராண்டில் ஒன்று, அப்புறம் ஐந்தாம் ஆண்டுதான். காரணம் புரிகிறது. அட்டவணை உடம்பைப் பற்றியது: இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் ரத்த ஓட்டம் சீராகும், ஒன்று முதல் ஒன்பது மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறையும், பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதியாகும். ரத்தக் குழாய்க்கு இந்த அட்டவணை சரி. மனத்துக்கு வேறு அட்டவணை வேண்டும். நிகோடின் உடம்பைவிட்டுப் போய் வெகுகாலம் ஆன பிறகும் ஓர் இடம், ஒரு மனிதர், ஒரு செய்தி போதும், விரல்கள் சட்டைப் பையைத் தேடும்.

எனக்கு அப்படி ஓர் இரவு வந்தது. அப்பாவை மார்பு வலியோடு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நானும் அண்ணனும். அண்ணன் கீழே போகப் புறப்பட்டவர், "வாடா, ஒன்றே ஒன்று. இன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்றார். அன்பால் கூப்பிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "நீங்கள் போய் வாருங்கள் அண்ணா" என்று சொல்லிவிட்டுச் செயலியைத் திறந்தேன். அடுத்த மைல்கல்லுக்குப் பல வாரங்கள் இருப்பதாகக் காட்டியது. நான் விட்ட நாளிலிருந்து அதுவரை கடந்ததிலேயே பெரிய மேடு அந்த இரவு. செயலியின் கணக்கில் அது வெறும் ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்றுதான் அமைப்புகளின் அடியில் ஒளிந்திருந்த ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன்: நம் மைல்கல்லை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். 'அப்பாவின் மருத்துவமனை இரவு' என்று எழுதினேன். விடியற்காலையில் மருத்துவர் வெளியே வந்து ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு அதைத் தொட்டேன். வழக்கமான அதே மஞ்சள் பதக்கம்தான் வந்தது. என் பட்டியலில் அதற்கு இணையான இன்னொன்று இன்றுவரை இல்லை. இந்த வசதியை முகப்பில் வைக்காமல் நான்கு திரைகளுக்கு உள்ளே புதைத்து வைத்திருப்பதுதான் இந்தச் செயலியின் மிகப் பெரிய குறை என்பேன்.

அதன் பிறகு நானாகச் சேர்த்தவை பல. முதல் நீண்ட பஸ் பயணம். வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்து முடிந்த மாலை. தேர்தல் முடிவு வந்த இரவுப் பணி. மருத்துவர் எனக்குத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை கொடுத்திருந்தார். 21 மில்லிகிராமில் தொடங்கி 14, பிறகு 7 என்று இறங்குவது வழக்கமான முறை. ஒவ்வொரு படி இறங்குவதும் விட்டவருக்குப் பெரிய நாள். செயலிக்குப் பட்டை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அவற்றையும் நானே எழுதினேன்.

இன்னொரு மைல்கல்லை எந்தச் செயலியிலும் பார்க்கவில்லை: நகம். பல்லாண்டு புகைத்தவரின் ஆள்காட்டி விரல் நகமும் நடுவிரல் நகமும் மஞ்சளேறிக் கிடக்கும். ஒரேயடியாக விட்டுவிட்டால், அன்றிலிருந்து முளைத்து வரும் நகம் தெளிவாக இருக்கும். பழைய மஞ்சளுக்கும் புதிய இளஞ்சிவப்புக்கும் நடுவே நேர்க்கோடாக ஓர் எல்லை தெரியும். மருத்துவர்களும் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளரும். சிவப்புப் பேனாவோடு வேலை செய்பவனுக்கு அந்த இரண்டு நகங்களும் இரவு முழுவதும் கண்ணெதிரே இருக்கும். எல்லைக்கோடு வாரா வாரம் நுனியை நோக்கி ஏறியது. ஒருநாள் நகவெட்டியில் கடைசி மஞ்சள் கீற்று விழுந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலைப் பிடித்து விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் கொண்டாடியதில் முதலிடம் அதற்குத்தான். செயலியை உருவாக்குபவர்கள் ஆறு மாத வாக்கில் 'உங்கள் நகத்தைப் பாருங்கள்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்த குறை எண்கள். 'நுரையீரல் 63 சதவீதம் தேறியது' என்று ஒரு பச்சைப் பட்டை நகர்கிறது. அது நம் நுரையீரலை அளந்து சொல்வது அல்ல, நாள்காட்டியை வைத்து நிரப்புவது. உண்மையான எண் வேண்டுமென்றால் மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. புகையை விட உதவும் மருத்துவ மையங்களில் ஊதச் சொல்வார்கள். அதில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பதற்கு எந்தப் பச்சைப் பட்டையும் ஈடாகாது. 'திரும்பக் கிடைத்த ஆயுள்' என்று நிமிடக் கணக்கில் ஓடும் இன்னொரு எண்ணும் உண்டு. ஒரு சிகரெட்டுக்கு 11 நிமிடம் என்ற அந்தக் கணக்கு 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஆண்களின் ஆயுள் இழப்பை வாழ்நாளில் புகைத்த மொத்த சிகரெட்டுகளால் வகுத்துக் கிடைத்த சராசரி. தனி ஒருவரின் கைபேசியில் விநாடி சுத்தமாக ஓடவிடத் தக்க கணக்கு அல்ல.

ஓராண்டுப் பதக்கத்தில் 'உங்கள் இதய நோய் அபாயம் பாதி' என்று மொட்டையாகப் போட்டிருக்கிறார்கள். தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் பாதி என்பதுதான் பொருள். புகைக்காதவரின் நிலைக்கு வர 15 ஆண்டுகள் ஆகும். இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. மருத்துவரிடம் போவதையே யாராவது நிறுத்திவிடக்கூடும்.

எனக்குப் பிடித்த எண் ஒன்றும் இதே செயலியில் இருக்கிறது. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிய ஆய்வின் ஐம்பதாண்டு முடிவு 2004-இல் வெளிவந்தது. 60 வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ 3 ஆண்டு, 50-இல் விட்டவருக்கு 6, 40-இல் 9, 30-இல் 10 ஆண்டு ஆயுள் கூடுகிறது என்றது அது. நம் வயதைக் கொடுத்தால் அந்த வரியை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். 'இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது' என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் இந்தத் திரையைத்தான் நீட்டுகிறேன்.

கண்டிப்பாக மாற்ற வேண்டிய ஒன்று: ஒரு சிகரெட் என்று பதிவு செய்தால் எல்லாம் பூஜ்யமாகிவிடுகிறது. அப்பா வீடு திரும்பிய பிறகு அண்ணனும் விட்டார், இதே செயலியோடு. பல வாரம் நன்றாகப் போனது. ஒரு துக்க வீட்டில் ஒன்றைப் பிடித்துவிட்டு, மனிதர் நேர்மையாக அதைப் பதிவு செய்தார். பதக்கங்கள் அத்தனையும் சாம்பல் நிறமாயின, நாள் பூஜ்யம். அன்றிரவே செயலியை நீக்கிவிட்டு, மறுநாள் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டார். ஒரு தடவை சறுக்குவதும் பழக்கத்துக்கே திரும்பிவிடுவதும் வேறு வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றுவது 'எல்லாம் போயிற்று' என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தை ஒரு திரை அச்சடித்துக் கையில் கொடுக்கலாமா? அத்தனை வாரம் புகையின்றி அவர் இருந்தது நடந்த உண்மை. அதை யாரும் அழிக்க முடியாது, செயலியும் அழிக்கக் கூடாது.

சின்ன விஷயம் ஒன்று: காபி. சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே அளவு காபி கூடுதலாகப் படபடக்க வைக்கும். அதை நிகோடின் தவிப்பு என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. மூன்றாம் நாள் பதக்கத்தோடு 'காபியைக் குறையுங்கள்' என்று இவர்கள் சொல்வது நல்ல அறிவுரை.

ஓராண்டு நிறைவுத் திரையில் வண்ணத் தாள்கள் சிதறுகின்றன, எக்காளம் முழங்குகிறது, எல்லோருக்கும் பகிரச் சொல்லி ஒரு பொத்தான் துடிக்கிறது. அவை வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். ஆனால் அன்று திறக்கும் கடிதத்தைத் தவறவிடாதீர்கள். விட்ட முதல் நாளில் 'ஏன் விடுகிறீர்கள்?' என்று கேட்டு, எழுதியதைப் பூட்டிவைத்து, ஓராண்டு கழித்துத்தான் காட்டுகிறார்கள். நான் இரண்டே வரி எழுதியிருந்தேன்: 'மாடிப்படி ஏறும்போது மகள் நடுவில் நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். அவளைக் காக்க வைக்கக் கூடாது.' மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இப்போது நீங்கள்தானே அப்பா முன்னால் போகிறீர்கள்" என்றாள். இந்த ஒரு வசதிக்காகவே செயலியை மெச்சுவேன்.

புதிதாக இறக்குபவர்கள் முதல் நாளிலேயே செய்ய வேண்டியது: கடிதத்தை நிதானமாக எழுதுங்கள். ஆயுள் நிமிடக் கணக்கை மறைத்துவிடுங்கள். அமைப்புகளுக்குள் போய், உங்களுக்கு எந்தெந்தச் சூழ்நிலை கடினமாக இருக்குமோ அவற்றை உங்கள் மைல்கற்களாக இப்போதே எழுதிவையுங்கள்.

ஐந்தாம் ஆண்டு வரை என் செயலியில் அதன் சொந்தப் பதக்கம் எதுவும் இல்லை. இடையில் நான் எழுதிவைத்திருப்பவற்றில் முதலாவது, அண்ணனின் முதல் மாதம். போன வாரம் மறுபடி விட்டிருக்கிறார். இரண்டு பேர் ஒரே பட்டியலைப் பார்க்கும் வசதி இதில் இல்லாததால், இரவு கடைசிப் பக்கம் போனதும் அவரைத் தொலைபேசியில் அழைத்து நானே நாளைச் சொல்கிறேன்.