கார் பார்க்கிங் சேர்ந்ததும் கைநழுவிய வரிச் சலுகை

வீடு வாங்கப் போகும் தம்பிக்குத் துணையாக இந்த விடுமுறையில் தாம்பரம், முடிச்சூர் பக்கம் சைட் சைட்டாக ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் முதல் பேச்சு, "அஃபோர்டபிள் ஸ்கீம் சார், ஜிஎஸ்டி ஒரு பர்சென்ட்தான்."

இது 2019 ஏப்ரலில் வந்த சலுகை. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5% வரி. சென்னை போன்ற பெருநகரத்தில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருந்து, விலையும் 45 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 1%.

ஓரிடத்தில் விலைத்தாளை வாங்கிப் பார்த்தோம். மேலே தடித்த எழுத்தில் 43.5 லட்சம். அடியில் பொடி எழுத்தில் கவர்டு கார் பார்க்கிங் 2 லட்சம். அந்த 45 லட்சக் கணக்கில் பார்க்கிங், டெவலப்மென்ட் சார்ஜ் எல்லாமே சேரும். ஆக 45.5 லட்சம், வரி 2,27,500 ரூபாய். சரியாக 45 லட்சத்தில் நின்றிருந்தால் வெறும் 45,000. "பார்க்கிங்கை அக்ரிமென்ட்டில் காட்ட வேண்டாம் சார்" என்றார் விற்பனையாளர். தம்பி எழுந்துவிட்டான். கையெழுத்துப் போடுபவன் அவன்தானே!

பில்டர்களுக்கும் தனிச் சலுகை இருந்தது. 2016 ஜூன் முதல் 2022 மார்ச் வரை ஒப்புதல் பெற்ற சிறு வீட்டுத் திட்டங்களின் லாபத்தை, வருமான வரிச் சட்டம் 80-ஐபிஏ பிரிவில் வரிக்குரிய வருமானத்திலிருந்து முழுக்கக் கழித்துக்கொள்ளலாம். கெடு முடிந்த பிறகு சின்ன வீடு கட்ட அவர்களுக்கு என்ன ஆர்வம் இருக்கும்? நாங்கள் பார்த்த புது சைட்களில் பெரும்பாலும் மூன்று பெட்ரூம் வீடுகள்தான். மனை, கூலி எல்லாம் ஏறியும் 45 லட்சம் மட்டும் 2019-இல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய அநியாயம்.

மெச்சவும் விஷயம் உண்டு. வில்லங்கச் சான்றை வீட்டில் உட்கார்ந்தே எடுத்தோம். தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் திட்டத்தின் விவரமும் முடிக்க வேண்டிய தேதியும் வந்துவிடுகின்றன. பேச்சில் 930 சதுர அடி என்ற வீட்டின் கார்ப்பெட் ஏரியா 612 தான் என்பதும் அங்கே பார்த்துத்தான் தெரிந்தது.

பத்திரப் பதிவில் 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரையிலான புது ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2%. பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும் என்று 2025-இல் வந்தது, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். தாம்பரத்தில் அந்த விலைக்கு ஃபிளாட் ஏது?

என்னைக் கேட்டால், பில்டருக்குச் சலுகை தருவதற்கு முன், எல்லாம் சேர்ந்த ஒரே விலையை ரெராவில் பதிய வைக்க வேண்டும். வரம்பையும் ஊர் விலைக்கேற்ப உயர்த்த வேண்டும்.

தம்பி இப்போது பணி நிறைவுச் சான்று வாங்கிய வீடாகத் தேடுகிறான். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தவணை தவணையாகக் கட்ட வழியில்லை, முழுப் பணமும் உடனே வேண்டும். வங்கியில் கடன் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.