பள்ளியில் மன்றம் இல்லையா? பறவை, விக்கி, ஆய்வு, சிலம்பம்: எது தேறும்?

மாவட்டத் தலைநகரை விட்டுத் தள்ளியிருக்கும் பல மேல்நிலைப் பள்ளிகளில் பாடம் தாண்டி இருப்பது ஆண்டு விழாவும் விளையாட்டு விழாவும்தான். என்.சி.சி., சாரணர் என்று ஆசைப்பட்டால் பள்ளியில் அதற்கான பிரிவும் பொறுப்பாசிரியரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியேதான் தேட வேண்டும்.

பெற்றோர் முதலில் கேட்பது, "இதுக்கு மார்க் உண்டா?" என்பதுதான். தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விளையாட்டு ஒதுக்கீட்டில் போகிறவர்களை விட்டுவிட்டால், வேறு எந்தத் திறமையும் அதில் கால் மதிப்பெண்கூடக் கூட்டாது. அதனால் மார்க்கையும் சான்றிதழையும் ஒதுக்கிவிட்டு, வெளியே கிடைக்கும் இந்த நான்குக்கும் வேறோர் அளவுகோல் வைக்கிறேன்: தப்பாகச் செய்தால் "இது தப்பு" என்று சொல்ல அங்கே ஆள் உண்டா?

இந்தக் கேள்வியில் பறவை கணக்கெடுப்பு நன்றாகவே தேறுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தின் செயலி இலவசம். பக்கத்துக் கண்மாய்க்குப் போய் 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிவதுதான் வேலை. மைனா எத்தனை, கரிச்சான் எத்தனை, நாமக்கோழி எத்தனை. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்று செயலி கேட்கும். அரிய பறவையை மட்டும் குறித்துக்கொண்டு காக்கையை விட்டுவிட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. அந்த ஊருக்கு, அந்த மாதத்துக்குப் பொருந்தாத ஒன்றை எழுதிவிட்டால், தன்னார்வலர் ஒருவர் விவரமோ படமோ கேட்டு எழுதுவார். திட்டமாட்டார், ஆனால் விடவும் மாட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மாதிரி குறுக்கு விசாரணை வேறெங்கே கிடைக்கும்? 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. வலசை வந்த வாத்துகள் ஏரியில் இருக்கும் பருவம் அது. இருநோக்கி (பைனாகுலர்) இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஒரே சிக்கல், பெண் பிள்ளையை விடியற்காலையில் கண்மாய்ப் பக்கம் தனியே அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். மொட்டை மாடியில் நின்று எண்ணினாலும் அது கணக்குதான்.

வீட்டைவிட்டு வெளியே போக வழியே இல்லை என்றால், யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியா. 2003-ல் தொடங்கியது, இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். இங்கே தப்பைச் சொல்பவர்கள் பறவைக்காரர்களைவிடக் கறார். சொந்த ஊர் பற்றிப் பெருமையாக எழுதிச் சேமித்தால், சான்று எங்கே என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் நீக்கியும் விடுவார்கள். முதல் தடவை பிள்ளை முகம் வாடத்தான் செய்யும். ஆனால் "எங்க தாத்தா சொன்னார்" என்பதற்கும் அச்சில் உள்ள ஆதாரத்துக்கும் உள்ள தூரம் அப்போதுதான் புரியும், அப்புறம் கிளை நூலகத்துக்குப் போக ஒரு காரணமும் கிடைக்கும். புதுக் கட்டுரையில் தொடங்க வேண்டாம். இருக்கும் கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்துவது, மேற்கோள் சேர்ப்பது என்று போகட்டும். கைப்பேசியே கையில் கொடுக்காத வீடுகளுக்கு மட்டும் இது ஒத்துவராது.

ஆய்வு என்று போனால் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, 1993 முதல் நடந்துவருவது. 10 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஆய்வு செய்ய வேண்டும். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளப்பது போன்ற வேலை. தாளில் பார்த்தால் நான்கில் இதுவே சிறந்தது: கேள்வி, அளவெடுப்பு, அறிக்கை, நடுவர் முன் பதில் எல்லாம் உண்டு. நடைமுறையில் எல்லாம் அந்த வழிகாட்டியின் கையில். நல்ல ஆசிரியர் வாய்த்தால் பிள்ளை வளரும். ஆர்வக்கோளாறான பெரியவர் வாய்த்தால் அறிக்கையை அவரே எழுதிவிடுவார், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். மன்றமே இல்லாத பள்ளியில் அப்படி ஓர் ஆசிரியரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

சிலம்பத்தில் தப்பைச் சொல்ல ஆளே தேவையில்லை, கம்பே முட்டியில் பட்டுச் சொல்லிவிடும். நான்கில் உடம்புக்கு வேலை வைப்பதும், கூட்டாளிகளைத் தருவதும் இதுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக (டெமோ) சிலம்பம் இடம்பெற்றது முதல் கிராக்கியும் கூடியிருக்கிறது. கூடவே வசூலும். ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, "உலக சாதனை" என்று சான்றிதழ் தரும் கூத்துகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. அந்தப் பணத்துக்கு நல்ல கம்பு வாங்கலாம். ஆசான் அடிக்கடி இப்படிக் கூட்டிப்போகிறார் என்றால் வேறு ஆசானைப் பாருங்கள்.

என் ஓட்டு ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் பறவையும் சிலம்பமும் சேர்ந்து. ஒன்று காலையில் கால் மணி நேரம், மற்றொன்று வாரத்தில் சில மாலைகள். கூச்ச சுபாவமுள்ள, வாசிக்கிற பிள்ளைக்கு விக்கி. மாநாடு, ஆசிரியரைப் பார்த்துப் பேசிய பிறகு. பொதுத்தேர்வு ஆண்டில் சிலம்ப வகுப்பை நிறுத்தினாலும், அந்தக் காலை கால் மணி நேரத்தை நிறுத்த வேண்டியதில்லை.